யார் வீட்டுக்கு?

வீட்டில் போன் அடித்தால் நைனா கேட்கும் முதல் கேள்வி, "யார் வீட்டுக்கு?" தேதியும் நேரமும் கூலியும் அதற்குப் பிறகுதான். வியாசர்பாடி, புளியந்தோப்பு, ஓட்டேரி என்று முப்பத்தைந்து வருடமாகப் பேண்டு செட்டில் கிளாரினெட் வாசிக்கிறவர் அவர். கல்யாண வீடா, சாவு வீடா, மாதா கோயில் தேரா என்று தெரிந்தால் மட்டும் அவருக்குப் போதாது. இறந்தவர் பேரன் பேத்தி எடுத்தவரா, நடுவயதில் போனவரா? மாப்பிள்ளை அழைப்பு எந்தத் தெரு வழியாகப் போகிறது, நடுவில் ஆஸ்பத்திரி இருக்கிறதா? எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் பாட்டு வரிசை எழுதுவார். சின்ன வயதில் இது எனக்கு வேண்டாத விசாரணையாகத் தெரிந்தது. 2022ஆம் ஆண்டு ஒரு சேர்க்கைத் தேர்வுக்குக் கிளாரினெட்டோடு தயாரானபோது, கையில் இருந்த ஆறு வாரத்தில் மூன்றை வீணாக்கிய பிறகு, அதே கேள்வியை நானும் கேட்க ஆரம்பித்தேன். பேண்டு செட்டிலிருந்து இந்த வழியில் போக நினைக்கிற பிள்ளைகளுக்கு உதவும் என்று இதை எழுதுகிறேன்.

நகரத்தில் உள்ள ஓர் இசைக் கல்லூரியின் மேற்கத்திய இசைப் பட்டயப் படிப்பு அது. வெவ்வேறு காலத்தைச் சேர்ந்த, குணத்தில் மாறுபட்ட இரண்டு உருப்படிகளைப் பியானோவுடன் வாசிக்க வேண்டும். சொந்தத் தேர்வாக மூன்று நிமிடத்துக்கு மிகாமல் ஒன்று, பியானோ இல்லாமல். பிறகு ஸ்கேல், முன்பின் பார்க்காத தாளை வைத்து வாசிப்பது, நேர்காணல். அறிவிப்பின் கடைசி வரியில், வாசிக்கும் உருப்படிகளைப் பற்றியும் அவற்றை இயற்றியவர்களைப் பற்றியும் கேள்விகள் இருக்கும் என்று போட்டிருந்தது. பிறந்த ஆண்டும் இறந்த ஆண்டும் கேட்பார்கள் போலிருக்கிறது, முதல் நாள் இரவு மனப்பாடம் செய்துகொள்ளலாம் என்று அந்த வரியைத் தாண்டிப் போய்விட்டேன்.

எனக்கு நொட்டேஷன் படிக்க வரும். பெரம்பூர்ப் பக்கத்துத் தேவாலயம் ஒன்றின் இசைக்குழுவில் எட்டு வருடம் வாசித்ததில் கற்றுக்கொண்டது. கருவியும் அவர்களுடையதுதான், பிளாஸ்டிக் உடம்புள்ள, போம் விரல்முறைக் கிளாரினெட். நைனாவின் கருவி கறுப்பு மரம், பழைய ஆல்பர்ட் விரல்முறை, தொட்டால் வெல்லம் மாதிரி ஒலிக்கும். அதைத்தான் எடுத்துப்போக எனக்கு ஆசை. ஆனால் அதன் உடம்பில், செய்தவர் முத்திரைக்குக் கீழே எச், பி என்று இரண்டு எழுத்துகள் பொறித்திருக்கும். உயர் சுருதி என்று பொருள். பிரிட்டிஷ் ராணுவ பேண்டுகள் ஒரு காலத்தில் இன்றைய சுருதியைவிட ஏற்றி வாசித்தன. இன்றைக்கு 440 அதிர்வில் நிற்கிற சுரம் அவர்களுக்கு ஏறத்தாழ 452இல் நின்றது. அரைச்சுரத்தில் கிட்டத்தட்ட பாதி வித்தியாசம். பேண்டு செட்டில் எல்லாரும் ஒன்றாக ஏறி நின்றால் யாருக்கும் தெரியாது. பியானோ பக்கத்தில் வைத்தால் முதல் சுரத்திலேயே பல்லிளித்துவிடும். அப்பாவின், தாத்தாவின் கிளாரினெட்டைத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் முதலில் அந்த இரண்டு எழுத்துகளைத் தேடுங்கள்.

இனி என் முட்டாள்தனம். கிளாரினெட் என்றால் மொசார்ட் என்று கேட்டவர்கள் எல்லாரும் சொன்னார்கள். ஒரு வாத்தியம் முன்னின்று இசைக்குழுவோடு வாசிக்கிற உருப்படிக்குக் கன்செர்ட்டோ என்று பெயர். அவருடைய கிளாரினெட் கன்செர்ட்டோவின் தனிப்பகுதித் தாள்கள் கிடைத்தன. பகலில் மண்ணடியில் ஒரு பைண்டிங் கடையில் எனக்கு வேலை. இரவு எட்டு மணிக்கு மேல் மொட்டை மாடியில், தகரக் கொட்டகைக்குள், மூன்று வாரம் முதல் பகுதியை உருட்டினேன். விரல் நன்றாகவே ஓடியது. எதிர்வீட்டு அக்கா அந்த மெட்டை முணுமுணுத்துக்கொண்டே துணி காயப்போடும் அளவுக்கு வாசித்துவிட்டேன்.

நான்காவது வாரம் பியானோவுக்கு ஆள் பிடித்தேன். பெரம்பூரில் லூர்து மாதா கோயிலுக்குப் பின்னால் குடியிருக்கும் ஓய்வுபெற்ற பியானோ ஆசிரியை. மணிக்கு 400 ரூபாய். மிஸ் தன் அலமாரியிலிருந்து அந்தக் கன்செர்ட்டோவின் இசைக்குழுப் பகுதியைப் பியானோவுக்கு மாற்றிய பழைய பதிப்பை எடுத்து வைத்தார், முன்னுரையாக நாலு வரி வாசித்தார், தலையசைத்தார். நான் நுழைந்தேன். ஆடி மாதத்தில் இரண்டு அம்மன் கோயில் ஒலிபெருக்கிகளுக்கு நடுவில் நிற்பதுபோல் இருந்தது. மெட்டு ஒன்றுதான், வேகமும் ஒன்றுதான், ஆனால் இரண்டும் ஒட்டவே இல்லை. நான் பாதியில் நிறுத்தி, சுருதி சரிசெய்ய ஊதுவாய்க்குக் கீழே இருக்கும் பேரலை இழுத்துப் பார்த்தேன். மிஸ் கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"தம்பி, உன் கையில் இருப்பது ஏ கிளாரினெட்டா, பி-ஃபிளாட்டா?"

"பி-ஃபிளாட் மிஸ்."

"மொசார்ட் எழுதியது ஏ கிளாரினெட்டுக்கு. யாரும் சொல்லவில்லையா?"

நம் கட்டைச் சுருதிக் கணக்கில் சொன்னால், அவர் எழுதியது ஆறு கட்டைக் கருவிக்கு. நான் வைத்திருந்தது ஆறரைக் கட்டை. தாளில் சி என்று எழுதியிருப்பதை என் கருவியில் வாசித்தால் ஆறரைக் கட்டையில் பேசும், அவர் மனத்தில் இருந்த கருவியில் ஆறு கட்டையில் பேசும். விரலுக்கு எந்த வித்தியாசமும் இல்லை என்பதால், தனியாக வாசிக்கும்வரை தவறு தெரியாது. நான் பதிவுகளைக் கேட்டேன், ஆனால் கேட்டுவிட்டு அணைத்துவிட்டு வாசித்தேன். ஒருநாள் கூட வாசித்திருந்தால் அன்றைக்கே பிடிபட்டிருக்கும். பி-ஃபிளாட் கிளாரினெட்காரர்களுக்காகப் பியானோப் பகுதியை அரைச்சுரம் ஏற்றி அச்சிட்ட பதிப்புகளும் இருக்கின்றன என்று மிஸ் சொன்னார். வரவழைக்க நாளாகும், அதோடு, தேர்வு நடத்துகிறவர்கள் மூலச் சுருதியை விரும்புவார்களா என்ற சந்தேகமும் அவருக்கு இருந்தது.

அன்று இரவு நைனாவிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "யார் வீட்டுக்கு எழுதினார் என்று கேட்காமல் வாசித்திருக்கிறாய்" என்றார்.

அவர் சும்மாதான் சொன்னார். ஆனால் மறுநாள் கடையில் பழைய கணக்கு நோட்டு ஒன்றை எடுத்துப் பக்கத்துக்கு ஓர் உருப்படி என்று கோடு போட்டேன். மேலே ஒரே கேள்வி: யாருக்காக எழுதியது? அதற்குக் கீழே எந்தக் கட்டைக் கருவிக்கு, எந்த ஆண்டு, எத்தனை நிமிடம், மூச்சு எங்கே முட்டும், பியானோப் பகுதி எவ்வளவு கடினம், தாள் எங்கே கிடைக்கும். கன்னிமாரா நூலகத்தில் இசை அகராதிகளைப் புரட்டினேன். மற்றதை இணையத்தில், ஒன்றுக்கு இரண்டு இடத்தில் ஒத்துப்பார்த்து எழுதினேன். தேர்வுக்கு இசையமைப்பாளர்களைப் பற்றிப் படிப்பது என்றால் இந்த நோட்டுதான் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. எந்த ஊரில் பிறந்தார், எத்தனை பிள்ளைகள் என்பதெல்லாம் வேண்டியதில்லை. வாசித்தவர் யார் என்று தெரிந்தால் பாதி விஷயம் வந்துவிடும்.

மொசார்ட் பக்கத்தையே பாருங்கள். அந்தக் கன்செர்ட்டோ 1791இல் அன்டன் ஸ்டாட்லர் என்ற வாத்தியக்காரருக்காக எழுதப்பட்டது. ஸ்டாட்லரிடம் இருந்தது சாதாரணக் கிளாரினெட் இல்லை. கீழே இன்னும் நான்கு அரைச்சுரம் இறங்கக்கூடிய, நீளம் கூடிய பாசெட் கிளாரினெட். அந்த ஆண்டு டிசம்பர் 5ஆம் தேதி மொசார்ட் இறந்துபோனார். அவர் கைப்பட எழுதிய பிரதி காணாமலே போய்விட்டது. பத்து வருடம் கழித்து அச்சிட்டவர்கள், சாதாரணக் கருவிக்கு எட்டாத இடங்களை மேலே தூக்கிப் போட்டு மாற்றிவிட்டார்கள். நான் மூன்று வாரம் உருட்டியபோது, படியிறங்கிக்கொண்டே வந்த வரி சில இடங்களில் திடீரென்று மேலே தாவுவது எனக்கு விசித்திரமாகப் பட்டது. ஏதோ மேதையின் குறும்பு என்று ரசித்துக்கொண்டு வேறு இருந்தேன். குறும்பும் இல்லை, ஒன்றும் இல்லை. கருவியில் துளை போதவில்லை. மொசார்ட் இறந்தபோது ஸ்டாட்லர் அவருக்கு 500 ஃபுளோரின் பாக்கி வைத்திருந்தார் என்பதையும் படித்தேன். இதை நைனாவிடம் சொன்னபோது அவருக்கு மொசார்ட்மேல் உடனடியாகப் பாசம் வந்துவிட்டது. பாக்கி வராத வீடுகளின் பட்டியல் அவரிடமும் உண்டு.

அடுத்தது, பேண்டு மாஸ்டர் மாமாவின் தகரப் பெட்டியிலிருந்து கிடைத்த ஒரு தாள். மஞ்சளேறி, ஓரம் பொடிந்த நாலு பக்கம். மேலே 'அடாஜியோ, வாக்னர்' என்று இருந்தது. மெதுவான உருப்படி ஒன்று வேண்டும், வாக்னர் பெரிய பெயர், போதாதா? விண்ணப்பப் படிவத்தில் எழுதும் தறுவாயில் நோட்டின் முதல் கேள்வி குறுக்கே நின்றது. தேடிப் பார்த்தால் அது வாக்னருடையதே இல்லை. ஹைன்ரிக் பேர்மன் என்ற ஜெர்மன் கிளாரினெட்காரர் தாமே எழுதிய, ஐந்து வாத்தியங்களுக்கான குவின்டெட் ஒன்றின் மெதுவான பகுதி. நெடுங்காலம் வாக்னர் பெயரில் உலவியிருக்கிறது. நேர்காணலில் போய் வாக்னரைப் பற்றி நாலு வார்த்தை பேசியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது. தாளின் மேல் அச்சாகியிருக்கும் பெயரையும் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

அந்தத் தவறு எனக்கு ஒரு நன்மையும் செய்தது. பேர்மன் என்ற பெயரைப் பிடித்துக்கொண்டு போனதில் வேபர் வந்து சேர்ந்தார். கார்ல் மரியா ஃபொன் வேபர் 1811இல் மியூனிக் நகரத்தில் பேர்மனின் வாசிப்பைக் கேட்டு அவருக்காக ஒரு கன்செர்ட்டினோ, அதாவது சின்னக் கன்செர்ட்டோ, எழுதினார். அதைக் கேட்ட பவேரிய மன்னர் இன்னும் இரண்டு கன்செர்ட்டோ வேண்டும் என்று கேட்க, அவையும் அதே ஆண்டில் வந்தன. கன்செர்ட்டினோ பி-ஃபிளாட் கருவிக்குத்தான். என் ஆறரைக் கட்டை! பத்து நிமிடத்துக்குள் முடியும். மெதுவாகத் தொடங்கி, ஓர் எளிய மெட்டைச் சொல்லி, அதை விதவிதமாக மாற்றிக் காட்டி, கடைசியில் துள்ளி ஓடும். கேட்பவர்களுக்குப் பத்து நிமிடத்தில் என் மெதுவும் வேகமும் நீளமூச்சும் தெரிந்துவிடும்.

இங்கேதான் யாருக்காக என்ற கேள்வி என் சாதகத்தையே மாற்றியது. பேர்மனிடம் துளைகளை மூடித் திறக்கும் பத்து கீகள் கொண்ட, அந்தக் காலத்துக்குப் புதிய கருவி இருந்தது. அவரிடம் வேபர் வியந்த விஷயம், கீழிருந்து மேல்வரை நாதம் ஒரே சீராக இருந்தது என்பது. கிளாரினெட் வாசிக்கிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய பாராட்டு என்று தெரியும். புல்லாங்குழலில் ஊதும் விதத்தை மாற்றினால் அதே சுரம் மேல் ஸ்தாயியில் பேசும். கிளாரினெட்டில் பின்பக்கக் கீயைத் திறந்தால் எட்டாவது சுரத்துக்குப் போகாமல் பன்னிரண்டாவதற்குத் தாவும். அதனால் நடுவில் ஒரு பள்ளம். அங்கே சுரங்கள் தொண்டை கட்டியதுபோல ஒலிக்கும். அதைத் தாண்டும் இடத்தில் ஒன்பது விரலும் ஒன்றாக இறங்க வேண்டும். பேண்டில் நாங்கள் அந்தப் பள்ளத்தை ஒரு இழுப்புப் போட்டு மறைத்துவிடுவோம். டிரம் சத்தத்தில் அது அழகாகவும் இருக்கும். சீரான நாதத்துக்காக எழுதப்பட்ட உருப்படியில் அந்த இழுப்பு ஒட்டுப்போட்ட வேட்டி மாதிரி தெரிந்தது. கன்செர்ட்டினோவின் வேகமான ஓட்டங்களை ஒதுக்கி வைத்துவிட்டுப் பத்து நாள், தினமும் அரை மணி நேரம், பள்ளத்தின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு இரண்டே இரண்டு சுரத்தை மெதுவாக ஊதினேன். எதிர்வீட்டு அக்கா, "உடம்பு சரியில்லையா?" என்று மாடியிலிருந்து கேட்டார்.

இரண்டாவது உருப்படிக்கு நோட்டில் ஏழெட்டுப் பக்கம் ஓடியது. பிராம்ஸ் பக்கம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. 1890இல் இனி எழுதுவதில்லை என்று முடிவெடுத்திருந்த மனிதர், மறு வருடம் மைனிங்கன் அரண்மனை இசைக்குழுவில் ரிச்சர்ட் முயல்ஃபெல்ட் வாசித்ததைக் கேட்டுவிட்டு மறுபடி பேனாவை எடுத்தார். முயல்ஃபெல்ட் அந்தக் குழுவில் சேர்ந்தது வயலின்காரராக; கிளாரினெட் பின்னால் வந்தது. அவருக்காக மூன்று பேர் வாசிக்கும் ஒரு ட்ரையோ, ஒரு குவின்டெட், 1894இல் கிளாரினெட்டும் பியானோவும் சேர்ந்து வாசிக்கும் இரண்டு சொனாட்டா. அந்த சொனாட்டாக்கள் பி-ஃபிளாட் கருவிக்குத்தான். ஆசையோடு தாளை மிஸ்ஸிடம் காட்டினேன். இரண்டு பக்கம் புரட்டிப் பார்த்துவிட்டு, "என் விரலுக்கு எழுபத்தொரு வயது, தம்பி" என்று மூடி வைத்தார். பிராம்ஸின் பியானோப் பகுதி துணைக்கு வருவது இல்லை, சரிக்குச் சரி நிற்பது. இரண்டு முறை மட்டும் ஒத்திகைக்குக் காசு உள்ளவர்கள் அந்தப் பக்கம் போகக் கூடாது. பூலாங்கின் 1962ஆம் ஆண்டு சொனாட்டாவும் அதே காரணத்தால் போயிற்று. ஸ்ட்ராவின்ஸ்கி 1918இல் எழுதிய மூன்று தனி உருப்படிகளுக்குப் பியானோவே வேண்டாம், நல்லதாயிற்று என்று பார்த்தால், முதல் இரண்டுக்கும் அவர் கேட்டது ஏ கிளாரினெட். மறுபடியும் ஆறு கட்டை! ஸ்ட்ராவின்ஸ்கி 1971வரை இருந்தவர், நம் நாட்டில் பதிப்புரிமை ஆசிரியர் இறந்து அறுபது வருடம்வரை நீடிக்கும். ஆகவே தாளைக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். வேபர் போன்றவர்களுடையதைச் சட்டப்படி இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம்.

கடைசியில் நின்றவர் சான்-சான்ஸ். 1921இல், எண்பத்தைந்து வயதில், அதிகம் பேர் எழுதாத காற்று வாத்தியங்களுக்கு ஏதாவது செய்வோம் என்று உட்கார்ந்து ஓபோவுக்கு ஒன்று, கிளாரினெட்டுக்கு ஒன்று, பசூனுக்கு ஒன்று எழுதினார். அந்த ஆண்டு முடிவதற்குள் இறந்துவிட்டார். கிளாரினெட் சொனாட்டாவின் மூன்றாம் பகுதி மிக மெதுவானது. கருவியின் அடிமட்டத்தில், முழுச் சத்தத்தில், ஒரு மெட்டு கனத்து நடந்து போகும். பிறகு அதே மெட்டு இரண்டு ஸ்தாயி மேலே, காதுக்கு எட்டுமா எட்டாதா என்ற மெல்லிய ஒலியில் திரும்பி வரும்.

இதை மாடியில் முதல்முறையாக வாசித்த இரவு நைனா சாவு வீடு ஒன்றிலிருந்து திரும்பி வந்திருந்தார். படியேறி வந்து வாசலில் நின்றார். சட்டையில் ரோஜா இதழ் ஒட்டிக்கொண்டிருந்தது. முடிக்கும்வரை பேசவில்லை. பிறகு, "இது தெரிந்த வீடுதான்" என்றார். கருவியை என் கையிலிருந்து வாங்கி, தாளைப் பார்க்காமல், கேட்ட நினைவிலேயே கீழ்ப்பாதியை ஊதினார். ஆல்பர்ட் விரலுக்குப் பழகிய கை. இரண்டு இடத்தில் தடுமாறியது. ஆனால் ஒவ்வொரு சுரத்தையும் அவர் விட்ட விதத்தில் ஒரு அவசரமின்மை இருந்தது. பிணத்தோடு நடக்கிறவர்களின் காலைப் பார்த்து வாசித்துப் பழகியவர். "நீ தாளைப் பார்த்து நடக்கிறாய்" என்று கருவியைத் திருப்பிக் கொடுத்தார். தாளின் ஓரத்தில் வேகத்தைக் காட்டும் மெட்ரோனோம் எண்ணை எழுதி வைத்திருந்தேன். அதை அழித்துவிட்டு 'மூலக்கொத்தளம்' என்று எழுதினேன். எங்கள் பக்கத்துச் சுடுகாடு அது. தேர்வு நாள்வரை அந்த வேகக்குறிப்புதான்.

சொந்தத் தேர்வுக்கு நான் அதிகம் தேடவில்லை, அதுவாகவே வந்தது. கர்நாடக இசையில் கிளாரினெட் என்றால் நைனாவுக்கு ஏ.கே.சி. நடராஜன் ஒருவர்தான், 2008இல் அவருக்குச் சங்கீத கலாநிதி கிடைத்தபோது எங்கள் வீட்டில் பாயசம். அவர் வாசித்த மாதிரி ஓர் ஆலாபனை செய்ய எனக்கு ஆயுள் போதாது. வேறு என்ன என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, மிஸ் வீட்டில் ஒரு சின்னப் பெண் பியானோவில் மழலையர் பள்ளி நட்சத்திரப் பாட்டைத் தட்டிக்கொண்டிருந்தாள். பழைய பிரெஞ்சு மெட்டு அது. மொசார்ட் அதை வைத்துப் பியானோவுக்குப் பன்னிரண்டு மாறுபாடுகள் எழுதியிருக்கிறார் என்று மிஸ் சொன்னார். நான், "முத்துசுவாமி தீட்சிதரும் எழுதியிருக்கிறார் மிஸ்" என்றேன். அவருக்கு அது புதிது.

எனக்கும் அது வடசென்னைக்காரன் என்பதால்தான் தெரியும். தீட்சிதரின் குடும்பத்தை ஆதரித்தவர்கள் மணலி முதலியார்கள். எண்ணெய் ஆலைப் புகைக்குள் நாங்கள் பஸ்ஸில் கடக்கிற அதே மணலி. அங்கிருந்து கோட்டைக்குப் போய் ஆங்கிலேயர் பேண்டு வாசித்ததைக் கேட்டுத்தான் தீட்சிதர் நோட்டுஸ்வரங்களைச் செய்தார் என்பார்கள். எல்லாம் சங்கராபரணம், வடமொழிச் சொற்கள், மேற்கத்திய மெட்டுகள். அதில் 'ச்யாமளே மீனாக்ஷி' அந்த நட்சத்திர மெட்டுதான். யார் வீட்டுக்கு என்று கேட்டால், மதுரை மீனாட்சிக்கு. முதல்முறை கமகமே இல்லாமல் பேண்டு வாசிப்பதுபோல நேராக, இரண்டாவது முறை நைனாவின் இழுப்பும் அசைவும் போட்டு, மூன்றாவது முறை அடிமட்ட ஸ்தாயியில் சத்தத்தைத் தணித்து என்று இரண்டரை நிமிடத்துக்கு அமைத்துக்கொண்டேன். வேபருக்காக ஒழித்துக்கட்டிய இழுப்புக்கு ஓர் இடம் கிடைத்ததில் எனக்கு நிம்மதி.

சில்லறை விஷயங்கள் சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன். பெயர்களை வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். சான்-சான்ஸை நான் பல நாள் செயின்ட் சேன்ஸ் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். மிஸ் ஒவ்வொரு முறையும் கண்ணை மூடிக்கொள்வார். ஒரே உருப்படிக்கு மூன்று பேர் வாசித்த பதிவுகளைத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள். ஒன்றை மட்டும் கேட்டால் அவருடைய மூச்சுத்திணறலையும் சேர்த்துக் கற்றுக்கொள்வீர்கள். வேபருக்குப் பதிப்புக்குப் பதிப்பு வில்கோடுகளும் சத்தக் குறிகளும் மாறும். பேர்மனின் மகன் கார்ல் பதிப்பித்ததில் அவர் கைச்சரக்கு நிறையவே உண்டு. எந்தப் பதிப்பை வாசிக்கிறீர்கள் என்று தெரிந்து வைத்திருங்கள். தாளைத் திருப்பும் இடத்தில் கை ஓய்வாக இருக்கிறதா என்று பாருங்கள். நான் பைண்டிங் கடைக்காரன் என்பதால் மூன்று பக்கத்தை ஒட்டி, மடக்கிப் பிரிக்கிற பலகைபோல் செய்துகொண்டேன். ஒட்டும்போது கஞ்சிப் பசை வேண்டாம். ஜூன் மாத ஈரத்தில் சுருண்டுவிடும். துணிநாடா போதும்.

குளிர்சாதன அறையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தகரக் கொட்டகையில் பழகியவனுக்குச் சுருதி எப்போதும் ஏறித்தான் நிற்கும். சூட்டில் காற்றுக்குள் ஒலி வேகமாக ஓடுவதால் அப்படி. பேரலை ஒரு நூல் இழுத்து வைத்தே பழகியிருந்தேன். தேர்வு அறையில் ஏசி பெட்டியின் நேர் கீழே நிற்கவைத்தார்கள். கருவி குளிர்ந்ததும் சுருதி சரிந்தது. மிஸ் பியானோவில் ஒரு சுரம் கொடுத்ததும் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பேரலை முழுக்க உள்ளே தள்ளி, சத்தம் வராமல் இரண்டு நிமிடம் வெறும் சூட்டுக் காற்றை ஊதிக்கொண்டே நின்றேன். காத்திருக்கிறார்களே என்று வெட்கப்பட்டு உடனே தொடங்கியிருந்தால் முழுவதும் தாழ்ந்தே போயிருக்கும். ஊதுவாயில் அதிரும் நாணல் துண்டான ரீடும் அப்படித்தான், நான்கு ரீடைப் பழக்கி எடுத்துப்போனதில் அந்தக் குளிருக்கு ஒன்றுதான் ஒத்துவந்தது.

மேசைக்குப் பின்னால் மூன்று பேர். கன்செர்ட்டினோவில் மெதுவான தொடக்கமும் மெட்டும் கேட்டார்கள், ஒரு மாறுபாட்டுக்கு நடுவில் கையைக் காட்டி நிறுத்தினார்கள். "கடைசிப் பகுதியிலிருந்து" என்றார்கள். நிறுத்துவது வழக்கம்தான், நேரம் போதாததால் செய்வது என்று மிஸ் முன்பே எச்சரித்திருந்ததால் முகம் வாடாமல் தொடர முடிந்தது. எந்த இடத்திலிருந்து கேட்டாலும் தொடங்கப் பழகியிருக்க வேண்டும். சான்-சான்ஸை மட்டும் முழுவதும் விட்டார்கள். மேல் ஸ்தாயியில் ஒரு சுரம் எனக்கு உடைந்தது. நான் நிற்கவில்லை.

பிறகு கேள்வி. நடுவில் இருந்த பெண்மணி, "வேபர் இதை யாருக்காக எழுதினார்?" என்று கேட்டார். சொன்னேன். இவ்வளவுதானா என்று மனம் லேசான நொடியில் அடுத்தது வந்தது: "அது தெரிந்ததால் உன் வாசிப்பில் என்ன மாறியது?" பள்ளத்தைப் பற்றிச் சொன்னேன், இரண்டு சுரத்தைப் பத்து நாள் ஊதியதைச் சொன்னேன். எதிர்வீட்டு அக்காவைப் பற்றியும் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். ஒருவர் சிரித்தார். பிறந்த ஆண்டு யாரும் கேட்கவில்லை. ஓரத்தில் இருந்தவர் என் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "மூலக்கொத்தளம் என்றால் என்ன குறிப்பு?" என்று கேட்டார். விளக்கினேன். அவர் அதைத் தன் தாளில் எழுதிக்கொண்டதுபோல் தெரிந்தது, நிச்சயமாகச் சொல்ல முடியாது. பார்த்தவுடன் வாசிப்பதில் சொதப்பினேன். அதற்குத் தனியாகத் தினமும் பத்து நிமிடம் வைத்திருக்க வேண்டும், நான் வைக்கவில்லை.

முதல் பட்டியலில் என் பெயர் இல்லை. காத்திருப்போர் பட்டியலில் இருந்தது. பதினோரு நாள் கழித்து இடம் காலியாகிக் கூப்பிட்டார்கள்.

இந்த வருடம் எங்கள் தெருவில் இன்னொரு பையன் விண்ணப்பிக்கிறான். நைனாவின் செட்டில்தான் வாசிக்கிறான், நல்ல காது. கணக்கு நோட்டை அவனிடம் கொடுத்தேன். நாலு நாள் வைத்திருந்துவிட்டுத் திருப்பிக் கொண்டுவந்தான். "அண்ணே, என்னுடையது ஈ-ஃபிளாட் கிளாரினெட்" என்றான். இரண்டரைக் கட்டை. என் நோட்டில் அதற்கு ஒரு பக்கம்கூட இல்லை. ஞாயிற்றுக்கிழமை அவனைக் கன்னிமாராவுக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.